ஒன்பது வருடம் தூங்கிய ரெட் ஒன் கேமராவை எழுப்பியது

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒன்பது வருடமாகப் பெட்டிக்குள் கிடந்த ரெட் ஒன் என்ற டிஜிட்டல் சினிமா கேமரா பேட்டரியில் 1 மணி 50 நிமிடம் நிற்காமல் ஓடியது. இதற்கு ஏழு வார இறுதிகள் ஆயின. அதில் இரண்டு முழுக்க என் அவசரத்தால் வீணாய்ப் போனவை. மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைத்துவிடுகிறேன். இதே கேமராவைப் பரணில் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

கேமரா என்னுடையது இல்லை. நான் இருப்பது கலிபோர்னியாவில், இர்வைனில். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அமெரிக்கப் பெரியவர் இருக்கிறார், வயது 74. விளம்பரப் படமும் ஆவணப்படமும் எடுத்துப் பிழைத்தவர். 2006 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடக்கும் என்ஏபி என்ற ஒளிபரப்புக் கருவிகள் கண்காட்சியில் ரெட் கேமராவுக்கு 1,000 டாலர் முன்பணம் கட்டியவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கு அங்கே ஓடுகிற கேமரா ஒன்றுகூடக் கிடையாது. இருந்தது வடிவத்தைக் காட்டும் மாதிரி மட்டும்தான். 4கே படம் எடுக்கும், பாடி மட்டும் 17,500 டாலர் என்று ஒரு வாக்கு. வாக்குக் கொடுத்தவர் ஜிம் ஜன்னார்ட், 1975-இல் 300 டாலரை வைத்து ஓக்லியைத் தொடங்கியவர். குளிர்கண்ணாடி விற்றவர் சினிமா கேமரா செய்யப்போகிறாராம் என்று பெரியவரோடு வேலை பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவர் செக் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

2007 ஆகஸ்ட் கடைசியில் முதல் கேமராக்கள் வெளியே வந்தன. பெரியவரின் முறை வந்தது 2008 தொடக்கத்தில். தன் 16 மி.மீ. கேமராவை விற்று மீதி 16,500 டாலரைக் கட்டி, அப்போது லேக் ஃபாரஸ்ட்டில் இருந்த அலுவலகத்துக்கே காரில் போய் வாங்கி வந்தார்.

எனக்கு ரெட் ஒன் என்ற பெயர் தெரிய வந்தது தமிழ்ப் படத்தால்தான். 2009-இல் வந்த ‘அச்சமுண்டு அச்சமுண்டு’ நியூஜெர்சியில் ரெட் ஒன்னில் எடுத்த படம். அந்த வருடமே வந்த ‘உன்னைப்போல் ஒருவன்’ படமும் அதில்தான். இதைப் பெரியவரிடம் சொன்ன அன்றைக்குத்தான் கேமராப் பெட்டியைக் காட்டினார். 2006-இல் தன்னோடு பணம் கட்டிய நண்பர்கள் மூன்று பேர் செப்டம்பரில் வீட்டுக்கு வருகிறார்கள், நாலு பேரும் இந்தக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து நன்றி சொல்ல வேண்டும், ஓட வைக்க முடியுமா என்று கேட்டார். யாருக்கு நன்றி, எங்கே அனுப்புவீர்கள் என்றேன். ஜன்னார்ட் 2019-இல் ஓய்வு பெற்றுவிட்டார், நிறுவனத்தை 2024-இல் நிக்கான் வாங்கிவிட்டது. “முதலில் எடுத்து வைப்போம், அனுப்புவதை அப்புறம் பார்க்கலாம்” என்றார்.

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை கேமராவோடு இல்லை, நுரைப் பஞ்சோடு. வருடக்கணக்கில் ஈரக்காற்றும் சூடும் பட்டு, பஞ்சு பொடிந்து பிசுபிசுவென்று எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது. பழைய பல்துலக்கியும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் வைத்துத் துடைக்கவே ஒரு சனிக்கிழமை சரியாகப் போனது. ஆனால் உள்ளே இருந்த ஒழுங்கைப் பார்த்து அசந்துவிட்டேன். ஒவ்வொரு ஒயரிலும் துணிப் பட்டை சுற்றி, எந்தச் சாக்கெட்டுக்கு எது என்று பேனாவால் எழுதியிருந்தார். 8 ஜிபி காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டுகள் ஐந்து, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். அப்புறம் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு.

அந்த நோட்டுதான் இந்தப் பழுதுபார்ப்பைப் பாதி முடித்துக் கொடுத்தது. கேமரா வந்த நாள், எந்தத் தேதியில் எந்த பில்டு (கேமராவை இயக்கும் மென்பொருளின் பதிப்பு) ஏற்றினார், ஏற்றிய பிறகு என்ன மாறியது, எல்லாம் கையெழுத்தில் இருக்கிறது. முதலில் வந்த கேமராக்களில் சொன்ன வசதிகள் எல்லாமே இல்லை. பில்டு 16, 20, 30 என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன, காசு வாங்காமல். ஒரு பக்கத்தில், “இன்று காலை என் கேமரா நேற்று இருந்ததைவிட நல்ல கேமரா” என்று எழுதியிருக்கிறார். வாங்கிய பொருள் வாங்கிய பிறகும் வளர்வது அவருக்குப் புதிய அனுபவம். அதனால்தான் இதை இப்படிக் கட்டிக் காத்திருக்கிறார். நன்றி சொல்லத் தேடி என்னிடம் வந்தார், ஆனால் அதை அவர் ஒயருக்கு ஒயர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

இனி மின்சாரம்.

என் மேசையில் இருந்தது 12 வோல்ட், 5 ஆம்பியர் பவர் சப்ளை. அதிலிருந்து ஒன்றரை மீட்டர் மெல்லிய ஒயர் இழுத்து கேமராவில் செருகினேன். விசிறி சுற்றியது, பின்பக்கச் சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது, சில நொடியில் எல்லாம் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. உள்ளே போர்டு போய்விட்டது என்று நானாக முடிவு கட்டி, பெரியவரிடமும் சொல்லிவிட்டேன். அது என் முதல் தப்பு. அவர் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். அன்றிரவு நோட்டைப் புரட்டியபோது ஒரு மூலையில் இருந்தது: “11.5 வோல்ட்டுக்குக் கீழே விடாதே. 65 வாட் இழுக்கும்.”

65 வாட்டை 12-ஆல் வகுத்தால் 5.4 ஆம்பியர். என் சப்ளை கொடுப்பதே 5. போதாததற்கு ஒயர் மெலிசு. மறுநாள் கேமரா முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், விசிறி வேகம் எடுக்கும்போது 11.1 வோல்ட்தான் வந்து சேர்கிறது. போர்டில் ஒரு குறையும் இல்லை. 10 ஆம்பியர் சப்ளையை ஒருவரிடம் இரவல் வாங்கி, 14.5 வோல்ட் வைத்து, 16 கேஜ் தடிமனான ஒயர் போட்டேன். கேமரா முனையில் 14.3 வந்தது. பொத்தானை அழுத்தினேன். விசிறிச் சத்தம் ஏறி, இறங்கி, ஒன்றரை நிமிடம் கழித்துத் திரையில் படம் வந்தது. ஜன்னல் திரைச்சீலையும் மேசை விளக்கும், மங்கலாக. உடனே பெரியவரைக் கூப்பிட்டு அந்தச் சத்தத்தை மட்டும் போனில் கேட்க வைத்தேன்.

அதிக நேரம் ஓட்டுவதற்கு முன் தூசி எடுத்தாக வேண்டும். காற்றுத் துவாரங்களில் சாம்பல் நிறத்தில் கம்பளம் மாதிரி படிந்திருந்தது. காற்று அடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு மூங்கில் குச்சியால் தடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்று வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் கெட்டுவிடும்.

பேட்டரியில்தான் ஒரு மாதம் மாட்டிக்கொண்டேன். கேமராவில் மாட்டும் வி-மவுண்ட் பேட்டரி ஒன்று இருந்தது. ஒன்பது வருடம் சார்ஜ் போடாமல் கிடந்தது. அதன் மேல் ஓட்டைப் பிரித்தால் உள்ளே 18650 எனும் உருளை வடிவ லித்தியம் செல் 16, நாலு நாலாகச் சேர்த்து நாலு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் 0.7 முதல் 0.9 வோல்ட் வரை. இவ்வளவு கீழே போய்ப் பல வருடம் கிடந்த லித்தியம் செல்லை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே செம்பு கரைந்து ஷார்ட் ஆகும் அபாயம் உண்டு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், மெதுவாக 100 மில்லி ஆம்பியரில் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று மூன்று மணி நேரம் கொடுத்தேன். ஒரு வரிசை கையில் சூடு தெரிகிற அளவுக்கு வந்தது. நிறுத்தி, வாசலில் மணல் வாளிக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்தேன். இதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

புது செல் வாங்கும்போது 2,600 மில்லி ஆம்பியர் மணி போதும் என்று நிறுத்திக்கொண்டேன். 16 செல்லுக்கு 149.8 வாட் மணி வருகிறது. 3,000 போட்டால் 172 தாண்டும், அப்புறம் விமானத்தில் எடுத்துப் போக முடியாது, 160-தான் வரம்பு. பெரியவரின் நண்பர் ஒருவர் இதை ஓரிகனுக்குக் கொண்டுபோய் எடுக்க ஆசைப்படுகிறார்.

செல்களைப் பட்டையால் இணைக்க வேண்டிய ஸ்பாட் வெல்டர் என்னிடம் இல்லை. டஸ்டினில் இருக்கும் ஒரு அண்ணன் மின்சைக்கிளுக்கு பேட்டரி பேக் கட்டுபவர், மதுரைக்காரர். செல்லையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு அவர் காராஜுக்குப் போனேன். நான் வாங்கியிருந்த நிக்கல் பட்டையைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது நிக்கல் இல்லப்பா. இரும்புக்கு முலாம் பூசினது.”

“சுத்த நிக்கல்னு போட்டிருந்துச்சுண்ணே.”

“அரத்தால ஒரு கீறு கீறி, உப்புத் தண்ணில போட்டுட்டுப் போ. காலைல பேசிக்குவோம்.”

காலையில் கீறிய இடம் முழுக்கத் துரு. 9 டாலர் போனது. இரும்புப் பட்டையில் மின்தடை அதிகம், 5 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் பட்டையே சூடாகும். அண்ணன் தன்னிடமிருந்த 0.15 மி.மீ. கனப் பட்டையை 12 டாலருக்குக் கொடுத்தார். செல்லுக்குச் செல் நேர்மின் முனையில் வட்டமாக வெட்டிய காப்புத் தாளை ஒட்டிவிட்டு, ஒரு முனைக்கு நாலு புள்ளி வீதம் வெல்டு வைத்தோம். ஒவ்வொரு வெல்டு முடிந்ததும் அண்ணன் மூக்கு இடுக்கியால் பட்டையைப் பிடித்து இழுப்பார். பட்டை கிழிய வேண்டும், புள்ளி செல்லை விட்டு வரக் கூடாது. முதல் வரிசையில் இரண்டு புள்ளி கழன்று வந்தன. வெல்டரின் சக்தியைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி வைத்தோம். மொத்தம் இரண்டரை மணி நேரம். கூலி வேண்டாம் என்றார். கேமராவின் கதையைச் சொன்னேன், அந்தப் பெரியவரை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றார்.

மின்னோட்டம் மிஞ்சினால் பேட்டரியைத் துண்டிக்கும் பாதுகாப்பு போர்டிலும் ஒரு அடி. 7 டாலருக்கு ஒன்று வாங்கினேன், 30 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. கேமரா ஆன் ஆகும் நொடியில் ஏறும் மின்னோட்டத்தையே தாங்காமல் துண்டித்துவிட்டது. 19 டாலர் போர்டு போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. மலிவான போர்டில் அச்சடித்த எண்ணை இனி நம்புவதாக இல்லை. லோடு வைத்துச் சோதித்த பிறகுதான் பேட்டரியின் மேல் ஓட்டைப் போட்டு மூடுவேன்.

பேட்டரி முடிந்ததும் கேமராவில் இரண்டு வேலை மிச்சம். ஒன்று பிளாக் ஷேடிங். லென்ஸை மூடி, ஒளியைப் படமாக்கும் சென்சாரின் சொந்த இரைச்சலை (படத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரியும் பிசிறு) கேமராவுக்கே கற்றுக்கொடுக்கும் வேலை அது. அவசரத்தில் கேமரா குளிர்ந்திருக்கும்போதே செய்தேன். 20 நிமிடம் ஓடிச் சூடானதும் இருட்டான பகுதிகளில் செங்குத்துக் கோடுகள் தெரிந்தன. மறுநாள் அரை மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் செய்தேன், கோடுகள் போய்விட்டன.

இரண்டாவது வெளிச்சம். இதில் இருப்பது மிஸ்டீரியம் என்ற முதல் சென்சார், வெளிச்ச உணர்திறன் 320 ஐஎஸ்ஓ. 2010-இல் 800-க்குப் போகும் எம்எக்ஸ் சென்சார் வந்தபோது இவர் மாற்றவில்லை. வீட்டு டங்ஸ்டன் பல்பில் எடுத்த சோதனைப் படத்தில் நிழலெல்லாம் நீலப் புள்ளிகள். கேமரா வயதாகிவிட்டது என்று நினைத்தேன், அதுவும் தப்பு. இந்தச் சென்சாருக்குப் பகல் வெளிச்சம்தான் ஒத்துப்போகும். டங்ஸ்டனில் நீலம் குறைவு, அதை இழுத்து ஏற்றும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. அதே கேமராவைப் பெரியவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எலுமிச்சை மரத்தடிக்குக் கொண்டுபோனதும் படம் மாறிவிட்டது. இலையின் ஓரத்தில் வெயில் பட்ட இடமும் அதன் கீழே நிழலும் இரண்டும் தெளிவாக இருந்தன. லென்ஸ் பெரியவரின் பழைய 50 மி.மீ. நிக்கான். அன்றைக்கு சினிமா லென்ஸ் வாங்கப் பணம் இல்லாமல் நிக்கான் மவுண்ட் போட்டுக்கொண்டவர். கடைசியில் நிக்கானே நிறுவனத்தை வாங்கியது, தனக்கு முன்பே தெரியும் என்கிறார்.

கார்டு ரீடர் ஒன்று 22 டாலருக்கு வாங்கினேன். பெரியவரின் பழைய ஹார்டு டிஸ்கில் 2008-இல் அவர் எடுத்த முதல் கோப்பும் இருந்தது. ரெட்சினி-எக்ஸ் ப்ரோ மென்பொருளில் திறந்தேன். இது ரா கோப்பு, அதாவது சென்சார் தந்த தகவலை வண்ணம் முடிவு செய்யாமல் வைத்திருப்பது என்பதால், பிற்பாடு வந்த வண்ணக் கணக்கை இன்று அதற்கே பொருத்த முடிகிறது. அதே எலுமிச்சை மரம், அப்போது என் இடுப்பளவு உயரம். பக்கத்தில் அவர் மனைவி தண்ணீர்க் குழாயோடு நிற்கிறார். அவர் இப்போது இல்லை. 2008-இல் தன் திரையில் இந்த நீலச் சட்டை இவ்வளவு சரியாகத் தெரியவில்லை என்றார் பெரியவர். திரையை விட்டு அவர் நகர வெகு நேரம் ஆனது. நான் சமையலறைக்குப் போய்க் காபி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் மூவரும் வந்தார்கள். ஐந்து கார்டில் நாலு வேலை செய்தன, ஆளுக்கு ஒன்று. 4கே, 24 ஃபிரேம், நொடிக்கு 28 எம்பி. 8 ஜிபி கார்டு நாலரை நிமிடம் சொச்சம் ஓடும். 35 மி.மீ. படச்சுருளில் 400 அடி ரோல் 4 நிமிடம் 26 நொடி. ஏறக்குறைய அதே அளவு. அந்த ரோலின் விலையை நினைத்து நினைத்துப் பாதி டேக்கில் நிறுத்திய நாட்களைப் பற்றித்தான் முதலில் பேசியவர் பேசினார். கார்டு வந்த பிறகு தன் மகனின் பள்ளிக்கூடத்தை மூன்று மாதம் எடுத்ததாகச் சொன்னார்.

இரண்டாமவர் பேசியது பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் மாதிரிக் கேமராக்களை வைத்து எடுத்த குறும்படத்தைப் பற்றி. 2007 என்ஏபி-யில் அதைப் பெரிய திரையில் பார்த்துவிட்டு வெளியே வந்து, கட்டிய 1,000 டாலர் வீண் போகவில்லை என்று வீட்டுக்குப் போன் செய்தாராம். மூன்றாமவர் குறைவாகப் பேசினார். தான் கேட்ட கேள்விக்கு ஒரு நிறுவனத்தின் முதலாளியே நேரில் பதில் எழுதியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் என்றார். வேண்டாமென்றால் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அப்போது சொல்லியிருந்தார்கள். நாலு பேரில் யாரும் வாங்கவில்லை.

கடைசியாகப் பெரியவர். கார்டு தீரும் வரை பேசுவார் என்று நினைத்தேன். நோட்டைத் திறந்து ஒவ்வொரு பில்டு எண்ணையும் தேதியையும் வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு “நன்றி” என்றார். கேமராவுக்குப் பின்னால் நின்ற நான் ஃபோகஸைத் தொடவே இல்லை.

கணக்கு இதுதான். செல் 76.80, பாதுகாப்பு போர்டு இரண்டும் 26, பட்டை இரண்டும் 21, காப்புத் தாளும் டேப்பும் 14, ஒயரும் முனைகளும் 18, ரீடர் 22, ஆல்கஹாலும் தூரிகையும் 9. மொத்தம் 186.80 டாலர், அதில் 16 டாலர் மலிவுக்கு ஆசைப்பட்டு வீணானது. இந்தக் காசுக்குப் புது வி-மவுண்ட் பேட்டரியே கிட்டத்தட்ட வந்திருக்கும். கேமரா மட்டும் ஓடினால் போதும் என்பவர்கள் புதிதாக வாங்கிவிடுங்கள். நான் வாங்காததற்குக் காரணம் பேட்டரியின் அந்தப் பழைய மேல் ஓடு. கேமரா கைக்கு வந்த தேதியை அதன் அடிப்பக்கத்தில் ஆணியால் கீறி வைத்திருக்கிறார்.

அடுத்த முறை முதலில் மீட்டரை எடுப்பேன், அப்புறம்தான் வாயைத் திறப்பேன். அந்தப் பெரியவரை ஒரு இரவு முழுக்க வருத்தப்பட வைத்திருக்க வேண்டியதில்லை. நுரைப் பஞ்சை முதல் நாளே முழுசாகத் தூக்கிப் போட்டிருப்பேன். கேமராவுக்குள் இருக்கும் கடிகார பேட்டரியும் போய்விட்டது, ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இன்னும் ஆழமாகப் பிரிக்க வேண்டும், இப்போதைக்குக் கை வைக்கவில்லை. ஞாயிறன்று முதல் மூன்று பேருக்கும் தேதி வைக்க மறந்துவிட்டேன். அவர்கள் கோப்பில் தப்பான தேதிதான் இருக்கிறது. சரி செய்து தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெரியவர் பச்சை நோட்டில் அடுத்த காலிப் பக்கத்தைப் புரட்டிச் சரியான தேதியை எழுதினார். அதற்குக் கீழே 149.8 வாட் மணி என்றும், டஸ்டின் அண்ணன் பெயரையும் எழுதச் சொன்னேன். எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.